அக்கா வீட்டு அலமாரிக்குப் பின்னால்

ஆபீஸில் அவளுக்கு ‘ஓட்டை மேடம்’ என்று பெயர். பழைய கட்டடங்களில் காற்று கசியும் இடுக்குகளைத் தேடிப்பிடித்து அடைப்பதுதான் அவள் வேலை. வெயிலும் குளிரும் உள்ளே புகாவிட்டால் ஏசியும் ஹீட்டரும் பாதி நேரம் ஓய்வெடுக்கும். அந்த அளவுக்கு மின்நிலையங்கள் கக்கும் கரிப்புகை குறையும். அதில் அவளுக்கு ஒரு வெறியே உண்டு.

அக்கா குடியிருந்த அடுக்குமாடியும் அவள் கைக்கு வந்தது. சுவருக்கு உள்ளே தடுப்புப் பலகை, இரட்டைக் கண்ணாடி ஜன்னல் என்று இழைத்து இழைத்துச் செய்தாள். அப்படி இறுக்கி அடைத்த வீட்டில் காற்று வந்துபோகச் சுவரைத் துளைத்து விசிறி வைத்தாக வேண்டும்; இல்லாவிட்டால் ஈரம் உள்ளேயே தங்கிவிடும். விசிறிகள் வந்துசேரத் தாமதமானது. திறப்பு விழாவுக்கோ நாள் குறித்தாகிவிட்டது. ஜன்னலைத் திறந்துகொள்வார்கள் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டு, விசிறி இல்லாமலேயே வேலையை முடித்துக் கொடுத்தாள்.

மின்சாரப் பயன்பாடு பாதியாகக் குறைந்தது. பாராட்டு குவிந்தது. “என் தங்கச்சி செஞ்சது” என்று அக்கா அக்கம்பக்கமெல்லாம் பீற்றிக்கொண்டாள். இடையில் அக்காவுக்கு ஓர் இருமல் வந்து ஒட்டிக்கொண்டது.

ஒரு நாள் இவள் சொல்லாமல் கொள்ளாமல் அக்கா வீட்டுக்குப் போனாள். வீடெல்லாம் பெயின்ட் வாசனை. படுக்கையறையில் அலமாரி நகர்த்தப்பட்டிருந்தது. பின்சுவர் முழுக்கக் கறுப்புப் பூஞ்சை. பாதிச் சுவரை வெள்ளையடித்து மறைத்துவிட்டு, பிரஷ்ஷும் கையுமாக அக்கா திருதிருவென்று விழித்தாள்.

“நீ வர்றேன்னு போன் பண்ணினா போதும், இதைப் பூச உட்கார்ந்துடுவா” என்றார் அத்தான்.

“ஏங்க்கா எங்கிட்ட சொல்லலை?”

“எல்லாரும் உன்னைத் தலைமேல தூக்கி வெச்சுக் கொண்டாடறாங்க. நான் வந்து என் வீட்டுச் சுவர் கறுத்துப்போச்சுன்னு சொல்லணுமா?”

சொல்லி முடிப்பதற்குள் அக்காவுக்கு இருமல் பிடித்துக்கொண்டது.

மறுநாள் மேலாளரிடம் போய், எல்லா வீட்டிலும் விசிறி மாட்ட வேண்டும் என்றாள். “இப்போ போய்ச் சுவரைத் துளைச்சா தப்பு நம்ம மேலதான்னு ஆயிடும்” என்றார் அவர்.

“நம்ம மேல இல்ல சார், என் மேல.”

வீடு வீடாகப் போய் அதையே சொன்னாள். சிலர் திட்டித் தீர்த்தார்கள். கைக்குழந்தைக்கு மூச்சிரைப்பு என்ற ஒருவர் முகத்தில் அடித்தாற்போல் கதவைச் சாத்தினார். அவர் வீட்டில்தான் முதல் விசிறியை மாட்டச் சொன்னாள்.

விசிறிகள் ஓடியதில் மின்சாரச் செலவு கொஞ்சம் கூடியது. பழைய அளவுக்குக் கிட்டவும் வரவில்லை. ஆரம்பத்திலேயே வைத்திருக்கலாம். அந்த எண்ணம்தான் அவளை அரித்தது.

சுவர்கள் காய்ந்துவிட்டன. அக்காவின் நெஞ்சு முழுதாகச் சரியாகவில்லை. போனில் சிரித்துப் பேசிக்கொண்டே இருப்பவள் சட்டென்று போனைப் பொத்திக்கொண்டு இருமுவாள். இவளும் எதுவும் கேட்காமல் காத்திருப்பாள்.