ஒரு பக்கம் முடிஞ்சிபோச்சி

என் வீட்டுக்காரர் துலுக்கானத்துக்குக் குடி இல்லை, சீட்டு இல்லை, பீடிகூட இல்லை. இதைச் சொல்லித்தான் என்னை அவர் தலையில் கட்டினார்கள். ஜாஸ் இருக்கிறது என்று ஒரு பாவியும் வாயைத் திறக்கவில்லை. திறந்திருந்தாலும் அது ஏதோ வயிற்றுக் கோளாறு என்றுதான் நினைத்திருப்பேன்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் அவர் டர்னர். அங்கே மெஷின் பூட்டிக்கொடுக்க வந்திருந்த வெள்ளைக்கார இன்ஜினியர் ஊருக்குத் திரும்பும்போது தன் ரெக்கார்டு பிளேயரை இவரிடம் தள்ளிவிட்டுப் போனார். கூடவே ஒரு பெட்டி இசைத்தட்டு, எல்லாம் ஜாஸ் என்கிற அமெரிக்க வாத்தியப் பாட்டு. இவர் ஆசைப்பட்டது பிளேயருக்கு மட்டும்தான். சினிமாப் பாட்டுத் தட்டு வாங்குகிற வரைக்கும் அது சும்மா கிடப்பானேன் என்று பெட்டியில் இருந்ததைப் போட்டுக் கேட்டிருக்கிறார். அதோடு ஆள் கெட்டார். சினிமாத் தட்டு இன்றுவரை எங்கள் வீட்டு வாசற்படி ஏறவில்லை.

அவர் பாட்டு கேட்கிற லட்சணத்தைச் சொல்கிறேன். ஞாயிற்றுக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு, கல்யாணத்துக்கு எடுத்த பட்டு வேட்டியில் கிழித்த துணியால் தட்டைத் துடைப்பார். கல்யாண வேட்டி! கேட்டால், அதுதான் கீறாதாம். முதல் பக்கத்தைக் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். இரண்டாம் பக்கத்துக்கு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்வார். அந்த நேரத்தில் நான் அடுப்பில் எதையும் தாளிக்கக் கூடாது. கடுகு வெடிக்கிற சத்தம் தட்டில் இருக்கிற கீறல் சத்தத்தோடு சேர்ந்துவிடுகிறதாம், எது எது என்று தெரியவில்லையாம். எத்தனை ஞாயிறு தாளிக்காத ரசம் குடித்தோம் என்பது எங்கள் குலதெய்வத்துக்குத்தான் தெரியும்.

முதலில் வந்ததெல்லாம் சாதுவான தட்டுகள். நானே கால் ஆட்டியிருக்கிறேன், பொய் சொல்வானேன். பிறகுதான் மூர் மார்க்கெட்டில் பழைய தட்டு விற்கிற அமீர் பாய் இவரைச் சரியாக எடைபோட்டுவிட்டார். ஒருத்தரும் தொடாத புதுமாதிரி ஜாஸ் தட்டுகளை இவருக்கென்றே ஒதுக்கிவைக்க ஆரம்பித்தார். அதில் மெட்டு கிடையாது, தாளம் கிடையாது. ஆளாளுக்கு ஒரு மூலையில் நின்று அவனவன் இஷ்டத்துக்கு ஊதுவான். இவருக்கு அதுதான் அமிர்தம்.

தட்டு உறையில் இருக்கிற படத்தைப் பார்த்து, வாசிக்கிறவனுக்கு அவரே பெயர் வைத்துக்கொள்வார். தொப்பிக்காரன், நீலச் சட்டை, தாடி. தொப்பிக்காரனுக்கு மூச்சு இருக்கிறது, மரியாதை இல்லை என்பார். நீலச் சட்டை நல்ல ஆள், ஆனால் கடைசியில் பயந்துவிட்டானாம். என்ன பயம் என்று கேட்டேன். "முடிக்கிறப்போ மெட்டுக்குத் திரும்பி வந்துட்டான் பாரு. ஜனங்க கோச்சிக்குவாங்கன்னு பயம்" என்றார். இவருக்கு அந்தப் பயம் கிடையாது. ஒருமுறை ஃபோர்மேன் விருந்துக்குக் கூப்பிட்டு, தான் புதிதாக வாங்கிய தட்டைப் பெருமையாகப் போட்டுக் காட்டினார். இவர் முழுசாகக் கேட்டுவிட்டு, "இவன் சம்பளத்துக்கு வாசிக்கிறான் சார்" என்றார். கடித்த வடையை நான் அப்படியே இலையில் வைத்துவிட்டேன். மற்ற எதற்கும் வாய் கூசாமல் பொய் சொல்வார், என் சமையலுக்குக்கூட. இசைத்தட்டு விஷயத்தில் மட்டும் அந்த வாய்க்குப் பொய் வராது.

நாங்கள் குடியிருந்தது பொன்னியம்மா வீட்டின் பின்கட்டில். முன்கட்டில் அவள் தனியாக இருந்தாள். மகனும் மருமகள் பேபியும் அவளோடு சண்டை போட்டுக்கொண்டு பூந்தமல்லிக்குப் போய்விட்டார்கள். பொன்னியம்மாவுக்கு என்மேல் பாசம், அந்தப் பிளேயர் மேல் கொலைவெறி. எழுபத்து மூன்றாம் வருஷம், நான் நிறைமாதமாக இருந்தபோது, கடைசியாகச் சொல்லிவிட்டாள்: "இன்னொரு வாட்டி அந்தச் சத்தம் கேட்டுச்சி, சாமானைத் தூக்கிகினு நடையைக் கட்டுங்க." நிறைமாதப் பெண்ணுக்கு யார் வீடு தருவார்கள்? அவர் கையைப் பிடித்துக் கெஞ்சினேன். அவரும் பிளேயர் மேல் போர்வையைப் போட்டு மூடிவிட்டார். அந்த வாரம் பூரா வெறும் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். பாவமாகத்தான் இருந்தது.

அடுத்த ஞாயிறு பொன்னியம்மா திருநின்றவூருக்குத் தங்கச்சி வீட்டுக்குப் போனாள். போகும்போதே தலை சுற்றுகிறது என்று சொல்லிக்கொண்டுதான் ரயில் ஏறினாள். நான் மார்க்கெட்டுக்குக் கிளம்பினேன். என் தலை மறைந்ததும் மனுஷன் போர்வையை உருவி, அமீர் பாய் புதிதாகக் கொடுத்திருந்த தாடியின் தட்டைப் போட்டிருக்கிறார். வராது வந்த வாய்ப்பாயிற்றே, சத்தத்தை முழுசாகத் திருகிவிட்டார்.

அந்தத் தட்டில் தாடிக்காரன் சாக்ஸபோனில் ஓலமிடுவான். கூட ஒருத்தன் டிரம்மைப் போட்டு மொத்துவான். நம் தெருவில் ஓலமும் மேளமும் சேர்ந்து கேட்டால் அதற்கு ஒரே அர்த்தம்தான். எதிர் வீட்டுக் கன்னியம்மாள் அடித்துப் பிடித்து ஓடிவந்து எங்கள் ஜன்னலில் தலையை நீட்டி, "அண்ணாத்தே, இன்னா ஆச்சி?" என்று அலறியிருக்கிறாள்.

சத்தம் தாங்காமல் வந்திருக்கிறாள் என்று நினைத்து இவர் கண்ணைத் திறக்காமலே, "ஒரு பக்கம் முடிஞ்சிபோச்சி. இன்னொரு பக்கமும் இதோ முடிஞ்சிடும்" என்றாராம்.

கை கால் ஒரு பக்கம் விழுந்துவிட்டால் வேறு எப்படிச் சொல்வார்கள்? கன்னியம்மாள் வயிற்றில் அடித்துக்கொண்டு தெருவுக்கு ஓடினாள். தலைசுற்றலோடு போன பொன்னியம்மாவுக்குத் திருநின்றவூரில் ஒரு பக்கம் விழுந்துவிட்டது, இன்னொரு பக்கமும் இழுத்துக்கொண்டிருக்கிறது என்று வீடு வீடாகச் சொன்னாள். இவர் தட்டைத் திருப்பிப் போட்டதும் மேளம் இன்னும் பலமாகக் கேட்டது. சரி, கதை முடிந்தது என்று தெரு முடிவுகட்டிவிட்டது.

நான் மத்தியானம் கத்தரிக்காயோடு திரும்பும்போது வாசலில் மூங்கில் வந்து இறங்கியிருந்தது. குமணன்சாவடியிலிருந்து வந்த மேளக்காரர்கள் வைக்கோல் கொளுத்திப் பறையைக் காய்ச்சிக்கொண்டிருந்தார்கள். கன்னியம்மாள் என்னைக் கட்டிக்கொண்டு, "போயிட்டாங்கடீ சொர்ணம்!" என்றாள். யார் என்று தெரிந்ததும் நானும் கூடையைப் போட்டுவிட்டு அழுதேன். நிஜமாகவே அழுதேன். என்ன இருந்தாலும் எனக்கு வளையல் போட்டவள் அவள்தான். அழுதுகொண்டே உள்ளே போனால் மனுஷன் அதே தட்டை எத்தனையாவது முறையோ போட்டுவிட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார், தாடிக்காரன் ஓலமிட்டுக்கொண்டிருக்கிறான். எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

"யோவ், இன்னாய்யா செஞ்சி வெச்சிகீற!" என்று பிளேயரின் முள்ளைத் தூக்கினேன்.

வெளியே போய் உண்மையைச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. அதற்குள் சேதி போய், மகன் உடம்பை எடுத்துவரத் திருநின்றவூருக்கு ஓட, பூந்தமல்லியிலிருந்து பேபி வந்து இறங்கி, தலைமயிரை அவிழ்த்துப் போட்டுக்கொண்டு புரண்டாள். அத்தனை பேரிலும் அவள் அழுகைதான் உசத்தி. புரண்டுகொண்டே என் பக்கம் வந்து, மூக்கைச் சிந்திக்கொண்டு, "அக்கா, அத்தையோட காசுமாலை இந்த ஊட்லயா கீது, திருநின்றவூருக்கு எடுத்துகினு போயிட்டாங்களா?" என்று கேட்டாள்.

அந்த நேரம் பார்த்து வாசலில் ஒரு சைக்கிள் ரிக்‌ஷா வந்து நின்றது. பொன்னியம்மா இறங்கினாள். கழுத்தில் காசுமாலை.

"யாருடி செத்தது?" என்றாள்.

மேளக்காரர், "அம்மா, நாங்க அடிக்கிறதா வேணாமா?" என்று கேட்டார். கன்னியம்மாள் விரலை எங்கள் பின்கட்டுப் பக்கம் நீட்டிவிட்டாள். பொன்னியம்மா தனக்கு வாங்கி வைத்திருந்த பூமாலையைப் பார்த்தாள், மூங்கிலைப் பார்த்தாள், பேபியை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு நேராக எங்கள் அறைக்குள் வந்து என் முக்காலியில் உட்கார்ந்தாள்.

"போடு அந்தப் பிளேட்டை."

இவர் பட்டுத் துணியால் தட்டைத் துடைத்துப் போட்டார். ஒரு பக்கம் முழுக்க அசையாமல் கேட்டாள். அந்த வீட்டில் அவரைத் தவிர வேறு யாரும் அதுவரை ஒரு பக்கத்தை முழுசாகக் கேட்டதில்லை, நான் உட்பட. தட்டு நின்றதும், "டேய் துலுக்கானம், இவன் இன்னா பண்றான்? அழுவுறானா?" என்றாள்.

ஆமாம் என்று சொன்னால் போதும். அழுகைப் பிளேட்டு, அதனால் தெருவுக்கும் அப்படித்தான் கேட்டது, யார் மேலும் தப்பில்லை என்று முடிந்துபோகும். நான் அவள் முதுகுக்குப் பின்னால் நின்று, "ஆமான்னு சொல்லுய்யா" என்று வாயசைத்தேன். வயிற்றைக்கூடத் தொட்டுக் காட்டினேன். அவர் என்னைப் பார்த்தார், தட்டைப் பார்த்தார், கண்ணை மூடி யோசித்தார். எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது, வீடு போயிற்று.

"இல்ல பெரீம்மா. சிரிக்கிறான்."

"சிரிக்கிறானா?"

"ஆமா. மேலுக்குத்தான் அழுவுற மாதிரி கீது. நல்லா கேட்டா, உள்ளுக்குள்ள சிரிச்சிகினே ஊதுறான். வெளிய தெரியக் கூடாதுன்னு சத்தமா அழுவுறான்."

பொன்னியம்மா எழுந்து ஜன்னல் பக்கம் போனாள். வெளியே பேபி அவிழ்த்த கூந்தலை முடிந்துகொண்டிருந்தாள். பொன்னியம்மா அவளையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு எங்கள் பக்கம் திரும்பினாள்.

"நீங்க இங்கயே இருங்கடா. எங்கியும் போவ வேணாம்" என்றாள். பிறகு இவரிடம், "அந்த அட்டையில எம்மருமவ பேரு போட்டுகீதா, பாரு" என்றாள்.

என் வீட்டுக்காரர் அட்டையைத் திருப்பி, விரலை வைத்து நிஜமாகவே தேடினார்.