ஜோலார்பேட்டை மூன்றாவது பிளாட்ஃபாரம்

சங்கமித்ராவுக்குப் பொய் சொல்ல வராது என்பது பெங்களூர் ஸ்ரீராம்புரத்தில் அவள் தெருவுக்கே தெரியும். தான் வீட்டில் இருந்துகொண்டே "அவர் இல்லை" என்று சொல்லச் சொன்னால், "இல்லைன்னு சொல்லச் சொன்னாரு" என்று சொல்லிவிடுவாள் என்று அவள் கணவன் ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பான். கார்ப்பரேஷன் குப்பை லாரி ஓட்டுபவன் அவன். இப்படிப்பட்டவள் ஒரே ஒரு இடத்தில் மட்டும் பொய்யில் யாரும் தொட முடியாதவளாக இருந்தாள்.

ராஜாஜிநகர் பக்கம் ஓர் ஊதுபத்திக் கம்பெனியில் அவளுக்குப் பாக்கிங் வேலை. 1997-இல் பகலில் அடிக்கடி கரண்ட் போகும். கவர் ஒட்டும் மிஷின் நின்றுவிட்டால் பாக்கிங் மேஜையைச் சுற்றி உட்கார்ந்திருக்கும் ஐந்து பெண்களுக்கும் வேலை இல்லை. அந்த நேரத்துக்கென்று அவர்கள் கண்டுபிடித்ததுதான் 'ரீலா நிஜமா'. மூத்தவளான சந்திரம்மா இரண்டு தீக்குச்சிகளைக் கைக்குள் மறைத்து நீட்டுவாள். ஒன்றில் மருந்து இருக்கும், இன்னொன்றில் கிள்ளியிருக்கும். மருந்துக் குச்சி வந்தால் உண்மைக் கதை சொல்ல வேண்டும். மொட்டைக் குச்சி வந்தால் ரீல் விட வேண்டும். வந்த குச்சியை யாருக்கும் காட்டாமல் முந்தானையில் முடிந்துகொள்ள வேண்டும். கதை முடிந்ததும் மற்றவர்கள் கேள்வி கேட்டுவிட்டு, நிஜம் என்றால் விரித்த கையும் ரீல் என்றால் மூடிய கையும் காட்டுவார்கள். எல்லோரையும் ஏமாற்றியவளுக்கு அன்று சாயங்காலம் தரையில் கொட்டிய ஊதுபத்தித் தூளைப் பெருக்கும் வேலை கிடையாது. சங்கமித்ரா துடைப்பத்தைத் தொட்டு நான்கு மாதம் ஆகியிருந்தது.

"எப்படிடி உனக்கு மட்டும் இப்படி வருது?" என்று சந்திரம்மா ஒருநாள் கேட்டாள்.

"கதையில ஒண்ணுமில்லக்கா. கேள்வி கேக்கறவங்க மூஞ்சியைப் பாப்பேன். என்ன பதில் வேணும்னு அதுலயே எழுதியிருக்கும். அதை எடுத்துக் குடுத்துடுவேன், அவ்ளோதான்."

ஆகஸ்டில் ஒரு வியாழக்கிழமை அவளுக்கு மொட்டைக் குச்சி வந்தது. ஜோலார்பேட்டை ஸ்டேஷனில் நடந்ததாக ஒரு கதையை ஆரம்பித்தாள். ஆம்பூரில் ஒரு சாவுக்குப் போய்விட்டுத் திரும்பும்போது மூன்றாவது பிளாட்ஃபாரத்தில் ரயில் நின்றதாம். ஜன்னலோரம் வந்த டீக்காரர் அவள் பேச்சைக் கேட்டு, "பெங்களூரா? எந்த ஏரியா?" என்றாராம். ஸ்ரீராம்புரம் என்றதும் டீயைக் கொடுத்துவிட்டுக் காசு வாங்காமலே கூட்டத்துக்குள் போய்விட்டாராம்.

சந்திரம்மா சிரித்தாள். "டீக்காரர் காசு வாங்காம போவாரா? சுத்த ரீலு."

ஆனால் ஜகதாம்பாள் சிரிக்கவில்லை. அவள் வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. ஓகளிபுரத்தில் வீடு. நெற்றி நிறையக் குங்குமம் வைத்து வருவாள், புருஷன் வெளியூரில் வேலை பார்க்கிறார் என்பாள், அதற்கு மேல் பேசமாட்டாள். விளையாட்டிலும் அதுவரை ஒரு கேள்வி கேட்டதில்லை.

"வயசு என்ன இருக்கும் அவருக்கு?"

"ஐம்பது இருக்கும்."

"கையில ஏதாவது தழும்பு இருந்துச்சா?" கேட்கும்போதே ஜகதாம்பாளின் பார்வை தன் இடது கைக்குப் போனது.

"இருந்துச்சுக்கா. இடது கையில."

"வெட்டுத் தழும்பா, இல்ல... சுட்டதா?"

"சுட்டதுதான். மணிக்கட்டுக்கு மேல."

ஜகதாம்பாள் மேஜைமேல் சாய்ந்து நெருங்கினாள். "பேசறப்போ திக்குவாரா?"

"லேசா," என்றாள் சங்கமித்ரா. எதிரில் இருப்பவள் நன்றாகச் சிக்கிக்கொண்டாள் என்று அவளுக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது.

அந்தக் கேள்விகளையும் பதில்களையும் கேட்டபின் சந்திரம்மா உட்பட நால்வரும் கையை விரித்தார்கள். சங்கமித்ரா முந்தானையை அவிழ்த்து மொட்டைக் குச்சியை மேஜைமேல் போட்டாள். ஒரே கூச்சல். ஜகதாம்பாள் மட்டும் எழுந்து குழாயடிக்குப் போனாள்.

சாயங்காலம் கேட் அருகே அவள் காத்திருந்தாள். "நீ எந்த ரயில்ல வந்தே? காலையிலயா மத்தியானமா?"

"அக்கா, அது ரீலு. குச்சியைத்தான் காட்டினேனே."

"குச்சியைக் கைக்குள்ள மாத்தத் தெரியாதா உனக்கு? அவருக்கு இடது கைன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

அங்கே நின்றபடியே ஜகதாம்பாள் எல்லாவற்றையும் சொன்னாள். அவள் கணவர் பெயர் அய்யாவு. மார்க்கெட்டில் மூட்டை தூக்கியவர். தொண்ணூற்றொன்று டிசம்பரில் காவேரித் தண்ணீருக்காகத் தமிழர்களை அடித்த கலாட்டா நடந்த வாரம், இரண்டு நாள் வீட்டுக்குள்ளேயே இருந்துவிட்டு, மூன்றாம் நாள் தெரு அடங்கிய மாதிரி இருக்கிறது என்று வேலைக்குக் கிளம்பிப் போனவர். திரும்பவில்லை. ஆஸ்பத்திரி, போலீஸ் ஸ்டேஷன், பிணவறை எல்லாம் பார்த்தாகிவிட்டது. எங்கேயும் இல்லை. ஆறு வருடமாகக் குங்குமத்தை அழிக்கவுமில்லை, யாரிடமும் இதைச் சொல்லவுமில்லை. எண்ணெய்ச் சட்டி கவிழ்ந்து இடது மணிக்கட்டில் அவருக்குத் தழும்பு உண்டு. அவசரத்தில் திக்குவார்.

சங்கமித்ரா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "அக்கா, நான் உங்க மூஞ்சியைப் பாத்து சொன்னேன்க்கா. நீங்க கையைப் பாத்தீங்க, நான் இடதுன்னேன். நீங்க சுட்டதான்னு கேட்ட விதத்தை வெச்சு சுட்டதுன்னேன். அப்படி ஒரு டீக்காரரை நான் பாத்ததே இல்லை."

"என் மனசு தாங்காதுன்னு மறைக்கறே."

மறுநாள் சங்கமித்ரா அவளை வீட்டுக்கு அழைத்துப்போய்ச் சுவரில் இருந்த புத்தர் படத்தின் முன் சத்தியம் செய்தாள். ஜகதாம்பாள் அவள் கையைப் பிடித்துக் கீழே இறக்கினாள். "எனக்காக உன் சாமி முன்னாடி பொய் சொல்லாதே." எத்தனை முறை மறுத்தாளோ அத்தனை முறை ஜகதாம்பாள் மனதில் அந்த டீக்காரர் இன்னும் உறுதியாக உயிரோடு வந்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலை பாஸஞ்சரில் ஜகதாம்பாள் கிளம்பினாள். அவளைத் தனியாக விட மனமில்லாமல் சங்கமித்ராவும் போனாள். மூன்றாவது பிளாட்ஃபாரத்தில் சாயங்காலம்வரை நின்றார்கள். டீ விற்பவர்கள் ஒவ்வொருவரின் கையையும் ஜகதாம்பாள் பார்த்தாள். விசாரித்தால், "அப்படி யாரும் இல்லீங்கம்மா" என்றார்கள். "ஷிஃப்டு மாறியிருக்கும்," என்று ஜகதாம்பாள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அதற்குப் பிறகு ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிறு இந்தப் பயணம் வழக்கமாகிவிட்டது. கம்பெனியில் ரீலா நிஜமா நின்றுபோனது. 

அடுத்த ஆண்டு ஜகதாம்பாளின் மகள் தாரணி சங்கமித்ராவைத் தேடி வந்தாள். ஜெராக்ஸ் கடையில் வேலை பார்ப்பவள், கல்யாணம் நிச்சயமாகியிருந்தவள்.

"ஆன்ட்டி, முதல்ல நானும் சும்மா இருந்தேன். ஆறு வருஷமா சரியா சாப்பிடாத அம்மா, உங்க கதைக்கு அப்புறம் வயிறார சாப்பிட்டாங்க. போகட்டும்னு விட்டேன். இப்போ அப்பா வந்து தாரை வாத்துக் குடுக்கணும், அதுவரைக்கும் கல்யாணம் வேணாங்கறாங்க. மாப்பிள்ளை வீட்டுல எவ்ளோ நாள் காத்துக்கிட்டிருப்பாங்க? நீங்க ஆரம்பிச்சது, நீங்களே முடிங்க."

முடிப்பதற்கு ஒரு வழிதான் சங்கமித்ராவுக்குத் தெரிந்தது. நான்கு நாள் தூங்காமல் அதையே யோசித்தாள். ஐந்தாம் நாள் சாயங்காலம் ஓகளிபுரம் போனாள். ஜகதாம்பாள் வாசல் குழாயில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, நேத்து நான் மட்டும் ஜோலார்பேட்டை போயிட்டு வந்தேன்." குரலை ஒருவழியாக நிதானமாக வைத்துக்கொண்டாள். "ஒரு பழைய போர்ட்டரைப் பாத்தேன். அந்த டீக்காரர் போன மழைக்காலத்துல ஜுரத்துல... போயிட்டாராம். ரயில்வே ஆளுங்களே சேந்து அடக்கம் பண்ணிட்டாங்களாம்."

குடம் நிரம்பி வழிந்தது. ஜகதாம்பாள் குழாயை மூடினாள்.

"இது ரீலு," என்றாள்.

"இல்லக்கா..."

"அன்னைக்கு ஜோலார்பேட்டை கதை சொன்னப்போ என் கண்ணையே பாத்துக்கிட்டு சொன்னே. இன்னைக்குக் குடத்தைப் பாத்துப் பேசறே. நிஜம் எது, ரீல் எதுன்னு எனக்குத் தெரியாதா?"

சங்கமித்ரா வாயைத் திறந்தாள். அன்று கண்ணைப் பார்த்தது ஏன் என்று மறுபடி சொல்லலாம். பலமுறை சொல்லியாகிவிட்டது. அவள் வாசற்படியில் உட்கார்ந்து அழ ஆரம்பித்தாள். ஜகதாம்பாள்தான் குனிந்து அவள் முகத்தைத் துடைத்துவிட்டாள். "தாரணி அனுப்பினாளா? அவ சின்னப் பொண்ணு. நீ அழாதே."

தாரணியின் கல்யாணம் தொண்ணூற்றொன்பது சித்திரையில் நடந்தது. மாப்பிள்ளை வீட்டார் இனிக் காத்திருக்க முடியாது என்று சொன்னதும், தாய்மாமன் நின்று முடித்துவைத்தார். பத்திரிகையில் அய்யாவு பெயருக்கு முன்னால் 'காலஞ்சென்ற' என்று போடக்கூடாது என்பதில் மட்டும் ஜகதாம்பாள் விட்டுக்கொடுக்கவில்லை. முகூர்த்தம் முடியும்வரை மண்டப வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். சங்கமித்ரா பந்தி பரிமாறிக்கொண்டு, மணமகள் இருந்த பக்கமே போகாமல் சமாளித்தாள்.

இரண்டாயிரத்து மூன்றில் ஊதுபத்திக் கம்பெனி தமிழ்நாட்டுப் பக்கம் இடம் மாறியது. சங்கமித்ராவுக்கு வைட்ஃபீல்டில் ஓர் அபார்ட்மென்டில் ஹவுஸ்கீப்பிங் வேலை கிடைத்தது. போக வர நான்கு மணி நேரம் பஸ். வாரத்தில் ஒரே நாள் லீவு. அப்போதும் மாதத்தின் முதல் ஞாயிறு ஜகதாம்பாளோடு ரயிலேறினாள். "எதுக்குடி இன்னும் போறே?" என்று கணவன் கேட்டால், அவள் வழிக்குச் சோறு கட்டிக்கொண்டிருப்பாள்.

அதற்கடுத்த ஆண்டு ஜகதாம்பாளின் முழங்கால் வீங்கி, ரயில் படி ஏற முடியாமல் போனது.

"இந்த மாசம் நீ மட்டும் பாத்துட்டு வரியா?" என்றாள்.

போகாமலே போனதாகச் சொல்லிவிடலாம். ஆனால் அது அவளால் முடியாது. ஞாயிறு காலை தனியாக ரயிலேறினாள். மூன்றாவது பிளாட்ஃபார டீக்காரர்களுக்கு இப்போது அவளைத் தெரியும். "பெரியம்மா வரலியா?" என்று ஒருவர் கேட்டுவிட்டு, பெஞ்சில் இடம் ஒதுக்கிக் கொடுத்தார். சாயங்கால வண்டி வரும்வரை அவள் அங்கேயே உட்கார்ந்திருந்தாள்.

ஓகளிபுரம் போய்ச் சேர்ந்தபோது ஜகதாம்பாள் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"இல்லக்கா," என்றாள் சங்கமித்ரா.

"மூணாவதுலயே நின்னியா?"

"அங்கேயேதான் இருந்தேன்."

"சரி. கை கால் கழுவிட்டு வா. சோறு போடறேன்."