ஆறாம் பாகம் எங்கே?

மைக்கக்காவுக்குக் கோபம் வருவது புதிதில்லை. பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளராக இருப்பவளுக்குக் கோபம் வராவிட்டால்தான் ஆச்சரியம். நாள் முழுக்கக் கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து, எந்த வண்டி எந்த நடைமேடையில் நிற்கிறது என்று தொண்டை வறளச் சொல்ல வேண்டும். சொல்லி வாய் மூடுவதற்குள் ஒருவர் வந்து கண்ணாடியைத் தட்டி, அதே வண்டி எங்கே நிற்கிறது என்று கேட்பார். "இப்பத்தானே சொன்னேன், காது எங்க இருக்கு?" என்று மைக்கை அணைக்க மறந்து அவள் ஒரு தடவை கேட்டது நிலையம் முழுக்க அலறியது. அன்றிலிருந்து ஓட்டுநர், நடத்துநர், கூட்டிப் பெருக்குகிறவர் எல்லாருக்கும் அவள் மைக்கக்காதான். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் உயிரோடு இருந்தது.

ஒரு வண்டிக்கும் அடுத்த வண்டிக்கும் நடுவில் அவள் படிப்பாள். விண்வெளி, வேற்றுக் கிரகம், காலத்தைத் தாண்டுகிற யந்திரம், இப்படி அறிவியல் கதைகள் மட்டும். குடும்ப நாவல் என்றால் எட்டிக்கூடப் பார்க்க மாட்டாள். "மாமியார் மருமக சண்டைய நான் காசு குடுத்து வேற வாங்கிப் படிக்கணுமா? அதான் ஓசியிலயே கிடைக்குதே" என்பாள். டயர் கடையில் வேலை பார்க்கும் அவள் கணவருக்கு இதில் ஒரு தீராத கிண்டல். "முதல்ல தரையில ஓடுற வண்டிய ஒழுங்கா அனுப்பு. செவ்வாய்க்குப் போறத அப்புறம் பாத்துக்கலாம்" என்பார். "தரையில ஓடுறதெல்லாம் உங்க கடை டயரப் போட்டுக்கிட்டுப் பாதியில நிக்குதே, அதுக்கு நான் என்ன பண்ண?" என்று அவளும் விட மாட்டாள்.

இந்தப் பைத்தியம் பிடித்தவர்கள் ஒரு நர்ஸம்மா, ஒரு கணக்காளர் என்று ஊரில் இன்னும் சிலர் இருந்தார்கள். ஒரு ஜெராக்ஸ் கடையின் பின்னறையில், காகிதக் கட்டுகளின் மேலேயே உட்கார்ந்து, மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூடுவார்கள். கடைக்காரன் நாற்பது வயதுக்காரன், வாய் ஓயாதவன். அவனை மைக்கக்கா ஜெராக்ஸ் தம்பி என்றுதான் கூப்பிடுவாள். ஆளுக்கு ஒரு புத்தகம் சிபாரிசு செய்ய வேண்டும், அவ்வளவுதான் கூட்டம். அதற்கு ஒரே ஒரு சட்டம். கதையைச் சொல்லக் கூடாது. முடிவைப் பற்றி மூச்சே விடக் கூடாது. "படிக்கப் போறவங்க வாயில இருந்து பிடுங்கிக்கிற மாதிரி அது" என்பான் தம்பி. முன்பு ஒருவர் வாய் தவறி வில்லன் யாரென்று சொல்லிவிட்டார். அவருக்கு அன்று டீ கிடைக்கவில்லை.

போன வருஷம் மைக்கக்கா படித்துக்கொண்டிருந்த பக்கத்தில் வரிகள் நடுவில் வளைந்தன. அச்சடித்தவனை வாய்க்கு வந்தபடி திட்டினாள். கொஞ்ச நாளில் கூண்டின் கதவுச் சட்டமும் வளைந்தது. கதவை யார் அச்சடித்தார்கள்? கண் டாக்டரிடம் போனாள்.

"விழித்திரையோட நடுப்பகுதி கெட்டுக்கிட்டு வருதும்மா. உங்களுக்கு வந்திருக்கிற வகைக்கு வைத்தியம் கிடையாது. ஆனா ஓரத்துப் பார்வை இருக்கும், பயப்படாதீங்க. நடமாடலாம், சமைக்கலாம். படிக்கிறதுதான் போகப் போக..." என்று டாக்டர் இழுத்தார்.

சமைக்கலாமாம். என்ன பெரிய வரம்! அவர் ஆறுதலுக்குத்தான் சொன்னார், ஆனால் வீடு வந்து சேரும்வரை அவளுக்கு அந்த ஒரு வார்த்தை பற்றிக்கொண்டு எரிந்தது. புத்தகங்களை யாராவது வாசித்து ஒலியாகப் பதிந்தது கிடைக்குமே, அதைக் கேட்கலாமே என்றார் கணவர். "பகல் பூரா ஸ்பீக்கருக்குள்ளதான் குடியிருக்கேன். வீட்டுக்கு வந்தும் ஸ்பீக்கரா?" என்று எரிந்து விழுந்தாள். அவர் பேசாமல் போய் ஒரு மேசை விளக்கும் பூதக்கண்ணாடியும் வாங்கி வந்தார். கிண்டல் எதுவும் செய்யவில்லை. அதுதான் அவளைப் பயமுறுத்தியது.

மிச்சமிருக்கும் பார்வை ஒரு நீளமான தொடருக்குத் தாங்கும் என்று அவளுக்குத் தோன்றியது. ஒன்றுதான். பார்வையைக் கண்டதற்கெல்லாம் செலவழிக்க முடியாது. தனியாக ஜெராக்ஸ் தம்பியிடம் போனாள். விஷயத்தை அவனிடம் மட்டும் சொன்னாள்.

"விளையாட்டுக்குக் கேக்கல தம்பி. இதுதான் எனக்குக் கடைசி. நல்லா யோசிச்சு ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க."

அவன் யோசிக்கவே இல்லை. அங்கேயே அவள் சுதாரித்திருக்க வேண்டும்.

"தூங்கும் கப்பல் தொடர்தான் அக்கா. வேற பேச்சே இல்ல. அப்படி ஒரு உலகம், அப்படி ஒரு எழுத்து! கண்ண மூடிக்கிட்டு ஆரம்பிக்..." என்றவன் நாக்கைக் கடித்துக்கொண்டான். பிறகு ஓடிப்போய் ஐந்து தடிப் புத்தகங்களையும் தன் அலமாரியிலிருந்து எடுத்து, தூசி தட்டி, பையில் போட்டுக் கொடுத்தான். அந்தத் தூசியையும் அவள் கவனிக்கவில்லை.

கதை அவளை அப்படியே விழுங்கிவிட்டது. வேறொரு சூரியனை நோக்கிப் போகிற கப்பல். உள்ளே ஒரு ஊர் ஜனமே கண்ணாடி மூடிய படுக்கைகளில் தூங்குகிறது. விழித்திருப்பது ஒரே ஒருத்தி. குழாய்களைப் பழுதுபார்க்கிறவள். படுக்கைகள் ஒவ்வொன்றாகக் குளிர்ந்து, உள்ளே இருப்பவர்கள் செத்துக்கொண்டே வருகிறார்கள். தன்னைத் தவிர இன்னொரு ஆளும் விழித்திருக்கிறது என்று அவளுக்குத் தெரிகிறது. யார் அது?

மைக்கக்கா தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, கண்ணின் ஓரத்தால் வரி வரியாகப் படித்தாள். படித்த பக்கத்துக்குத் தலைவலி கூலியாக வந்தது. மற்ற எல்லாவற்றையும் நிறுத்தினாள். செய்தித்தாள் இல்லை, டிவி இல்லை, கைபேசி இல்லை. வெளிநாட்டிலிருக்கும் அவள் அக்கா மகள் முதல் குழந்தை பெற்றுப் படம் அனுப்பியபோதுகூட, "அப்புறம் நிதானமாப் பாக்கறேன் கண்ணு" என்று சொல்லிக் கைபேசியைக் கவிழ்த்து வைத்தாள். கண்ணைக் கப்பலுக்காகச் சேமித்தாள். ஐந்தாம் பாகத்தின் கடைசியில் அந்தக் குழாய்க்காரி, எண் எழுதாத ஒரு படுக்கையைக் கண்டுபிடிக்கிறாள். உள்ளே யாரோ மூச்சு விடுகிறார்கள். கண்ணாடியில் ஆவி படிந்திருக்கிறது. துடைத்துப் பார்க்கக் கையை வைக்கிறாள். அத்தோடு புத்தகம் முடிந்தது.

மறுநாள் காலையிலேயே ஜெராக்ஸ் கடைக்குப் போய் நின்றாள்.

"தம்பி, ஆறாம் பாகம் எங்க?"

"ஆறா? அஞ்சுதானே அக்கா?" என்றவன் கைபேசியை எடுத்துத் தட்டினான். தட்டத் தட்ட அவன் முகம் மாறியது. "ஐயையோ, எழுதினவரு நிறுத்திட்டாராம். ஆறாவது வரவே இல்லையாம். அது ஆகியே ரொம்ப வருஷமாச்சாம்!"

மைக்கக்கா அவனையே பார்த்தாள். படித்தவனுக்கு இது எப்படிப் புதுச் செய்தியாகும்?

"அப்ப நீ படிக்கல." 'நீங்க' போய் 'நீ' வந்துவிட்டது.

"முதல் பாகம் கொஞ்சம் புரட்டினேன் அக்கா. கடையில வேலை இருந்துச்சு. நம்ம நர்ஸம்மாதான் ஓஹோன்னு சொன்னாங்க..."

அவள் திரும்பி வேலைக்குப் போனாள். அன்று அவள் அறிவித்த வண்டிகளில் ஏறியவர்கள் ஏதோ தப்புச் செய்துவிட்டது போல உட்கார்ந்திருந்தார்களாம். குரல் அப்படி இருந்திருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் அவள் உட்காரவில்லை. கைப்பையைக்கூடத் தோளிலிருந்து இறக்கவில்லை.

"தூங்கும் கப்பல யாரு முழுசாப் படிச்சீங்க? கையத் தூக்குங்க."

நர்ஸம்மா கணக்காளரைப் பார்த்தார். "இவர்தான் சொன்னார், ஒவ்வொரு வீட்லயும் இருக்க வேண்டிய தொடர்னு. நான் அதைத்தான் சொன்னேன்." கணக்காளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எனக்கு நம்ம ஜெராக்ஸ்காரர் சொன்னார். வாங்கி வெச்சிருக்கேன். ஓய்வு பெற்ற பிறகு படிக்கலாம்னு..." எல்லாரும் ஜெராக்ஸ் தம்பியைப் பார்த்தார்கள். அவன் காகிதக் கட்டைப் பார்த்தான்.

மூன்று பேரும் ஒருவர் வாயைப் பார்த்து ஒருவர் புகழ்ந்திருக்கிறார்கள். யாரும் கப்பலில் ஏறவே இல்லை. கதையைச் சொல்லக் கூடாது என்று ஒரு சட்டம் வைத்திருந்தார்களே, அதன் நிழலில் வருஷக்கணக்காகச் சுகமாக உட்கார்ந்திருந்தார்கள். படித்தவனும் படிக்காதவனும் 'அப்படி ஒரு உலகம், அப்படி ஒரு எழுத்து' என்பதோடு நிறுத்திக்கொள்ளலாம். முடிவைச் சொல்லக் கூடாது என்று வாயைக் கட்டியதால், முடிவே இல்லை என்பதைச் சொல்லவும் ஆள் இல்லாமல் போயிற்று.

"நான் பாக்கறது பஸ் ஸ்டாண்டு வேலை" என்றாள் மைக்கக்கா. குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் தேவலாம் போலிருந்தது அங்கே. "ஒரு வண்டி கடைசி வரைக்கும் போகாது, பாதியில நின்னுடும்னா, ஜனங்க ஏறுறதுக்கு முன்னாடியே சொல்லியாகணும். சொல்லாம ஏத்திவிட்டா என் சீட்டக் கிழிச்சிடுவாங்க. நீங்க சொல்லல. ஏன் சொல்லல? உங்களுக்கே தெரியாது! போகாத ஊருக்கு வழி சொல்லியிருக்கீங்க."

"அக்கா, நல்ல எண்ணத்துலதான்..." என்று தம்பி எழுந்தான்.

அப்போதுதான் அவள் கத்தினாள். வருஷக்கணக்காக மைக்கில் அடக்கி அடக்கிப் பேசிய தொண்டை அது. தெருவில் போகிறவர்கள் நின்றார்கள்.

"என் அக்கா பொண்ணு பெத்த குழந்தை மூஞ்சிய நான் இன்னும் பாக்கல, தெரியுமா? எடுத்து வெச்சேன்! இதுக்காக எடுத்து வெச்சேன்! இப்ப பாத்தா நடுவுல ஒரு கரும்புள்ளிதான் தெரியுது. மூஞ்சி இருக்க வேண்டிய இடத்துல புள்ளி! உன்கிட்ட சொன்னேனே, கடைசின்னு. படிக்கலக்கா, தெரியாதுக்கான்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா உன் கிரீடம் இறங்கிப் போயிருக்குமா?"

  ஐந்து பாகங்களையும் அவன் காலடியில் போட்டுவிட்டு வெளியே வந்தாள்.

அதற்குப் பிறகு அவள் அந்தத் தெருப் பக்கமே போகவில்லை. தம்பி அவள் கணவர் வழியாக வேறு புத்தகங்கள் கொடுத்தனுப்பினான். பையைப் பிரிக்காமலே திருப்பி அனுப்பினாள். யார் என்ன சிபாரிசு செய்தாலும் அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. மிச்சமிருந்த பார்வையில் இன்னொரு சின்ன நாவலாவது படித்திருக்கலாம். படிக்கவில்லை. கோபத்திலேயே அந்த நாட்களைத் தீர்த்தாள். அது தன் முட்டாள்தனம் என்று தெரிந்ததும் அதற்கும் சேர்த்துக் கோபப்பட்டாள். கப்பல் மட்டும் மனதைவிட்டுப் போகவில்லை. வண்டி எண்ணைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அந்தப் படுக்கையில் இருப்பது யார் என்று ஓடும். கணவரிடம் ஒரு நாள் சொல்லிப் பார்த்தாள். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "கதைதானேம்மா, விடேன்" என்றார். நல்ல மனுஷன்தான். ஆனால் அவரிடம் சொல்லி என்ன பிரயோஜனம்?

மாதங்கள் போயின. கரும்புள்ளி பெரிதாகிவிட்டது. வண்டி நேரங்கள் எல்லாம் மனப்பாடம் என்பதாலும், மாற்றம் இருந்தால் நேரக்காப்பாளர் உள்ளே வந்து சொல்லிவிடுவார் என்பதாலும் வேலை ஓடியது.

ஒரு நாள் மதியம் யாரோ கூண்டின் கண்ணாடியைப் படபடவென்று அடித்தார்கள். வழி கேட்கிறவர் தட்டுகிற தட்டு இல்லை. திட்டுவதற்கு வாயைத் திறந்தாள். அதற்குள் கதவைத் தள்ளிக்கொண்டு ஆள் உள்ளேயே வந்துவிட்டது. முகம் தெரியவில்லை. காகித மை வாசனை தெரிந்தது.

"என்ன அக்கா இது, அநியாயம்!" ஜெராக்ஸ் தம்பிக்கு மூச்சு வாங்கியது. கையிலிருந்த தடிப் புத்தகத்தை மேசைமேல் அறைந்தான். "கைய வைக்கிறா! கண்ணாடி மேல கைய வைக்கிறா, அதோட நிறுத்திட்டான்! மனுஷனா அவன்?"

மைக்கக்கா முதலில் மைக்கை அணைத்தாள்.

"முடிவு இல்லைன்னு உனக்குத்தான் தெரியுமே."

"தெரியும்! தெரிஞ்சுதான் முதல் பாகத்துல இருந்து படிச்சேன். தெரிஞ்சும் அட்டைக்குள்ள ஏதாவது ஒட்டிக்கிட்டு இருக்கான்னு நகத்தால கீறிப் பாத்தேன் அக்கா. கடையத் திறக்கவே மனசு வரல. யாருக்கிட்டச் சொல்ல? நர்ஸம்மா இன்னும் படிக்கல. வீட்ல சொன்னா சிரிக்கிறா. படுக்கையிலயே அந்தச் சமையக்காரக் கிழவன் குளிர்ந்து செத்தப்பவே நான் அழுதுட்டேன். அதுக்கு மேல இது வேற! யாரு அக்கா அந்தப் படுக்கையில?"

"எனக்கு மட்டும் தெரியுமா?" என்று சீறினாள். அவனை அவள் மன்னித்துவிடவில்லை. மன்னிக்கிற எண்ணமும் இல்லை. ஆனால் பக்கத்து நாற்காலியில் இருந்த கைப்பையைத் தன் மடிக்கு எடுத்துக்கொண்டாள்.

காலியான நாற்காலியில் அவன் தொப்பென்று உட்கார்ந்தான். வெளியே ஒரு வண்டி ஹாரன் அடித்து ஓய்ந்தது. அவன் மறுபடி பேசியபோது குரல் இறங்கியிருந்தது.

"ஒரு ராத்திரியே என்னால முடியல. எப்படிக்கா இத்தனை மாசம் தனியாத் தாங்குனீங்க?"

"எங்க தாங்கினேன்?" என்றாள் மைக்கக்கா. "அதான் அன்னைக்கு அப்படிக் கத்தினேன்."