அப்பாவின் பெயரில் இரண்டு பேர்

எங்கள் அப்பாவுக்கு ஒரு வெள்ளைக்காரப் பாதிரியாரின் குடும்பப் பெயர். மல்லாங்கிணறு பக்கம் ஞானஸ்நானம் கொடுத்துக்கொண்டிருந்த அந்தத் துரையின் மேல் தாத்தாவுக்கு இருந்த பக்தியில், பிள்ளைக்கும் அதையே வைக்கச் சொல்லிவிட்டார். எது ஆளின் பெயர், எது வம்சத்தின் பெயர் என்று தாத்தா எதைக் கண்டார்? ஊர் வாயில் அது நடுவில் ஓர் எழுத்தை விழுங்கி, கடைசியில் ஓர் உகரத்தைச் சேர்த்துக்கொண்டு தமிழ்ப் பெயராகவே ஆகிவிட்டது.

இரண்டாயிரத்துகளின் நடுவில் என் தங்கைக்கு இங்கிலாந்தில் நர்ஸ் வேலை கிடைத்தது. அதுவரை சிவகாசியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் தீக்காய வார்டில் இருந்தாள். நாரணாபுரத்திலிருந்தும் அச்சங்குளத்திலிருந்தும் பட்டாசு ஆலை விபத்துகளில் வெந்து கொண்டுவருகிறவர்களைப் பார்த்துப் பார்த்து அவளுக்குத் தூக்கமே போயிருந்தது. எப்படியாவது போய்விட வேண்டும் என்றிருந்தாள்.

பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் கேட்டார்கள். நமக்கு ஏது அது? இனிஷியலை விரித்து அப்பா பெயரைப் போட்டோம். பாஸ்போர்ட் வந்த அன்று பிரவுசிங் சென்டரில் துரையின் அந்தப் பெயரைத் தேடிப் பார்த்தோம். கூரை வேய்கிறவர்களுக்கு வந்த பெயராம். இங்கிலாந்தின் தெற்கு மாவட்டங்களில் அதிகம், அங்கிருந்து கப்பலேறி அமெரிக்கா, ஆஸ்திரேலியா வரை போயிருக்கிறது என்று வரைபடமே போட்டிருந்தார்கள். இந்தியா வெறுமையாகக் கிடந்தது.

“நம்மளக் காணோமேண்ணே,” என்றாள். “அங்கன போயி அவுகளப் பாத்தா, சொந்தம்னு சொல்லிக்கிட வேண்டியதுதான்.”

அடுத்த மாதம் இங்கிலாந்திலிருந்து கடிதம் வந்தது. பாஸ்போர்ட்டில் இருக்கும் குடும்பப் பெயரும் படிப்புச் சான்றிதழ்களில் இருக்கும் அப்பா பெயரும் வேறு வேறு எழுத்துகளில் இருக்கின்றன. இருவரும் ஒருவரே என்று மாத முடிவுக்குள் அரசு அத்தாட்சி வேண்டும்.

காரணம் நான்தான். அவள் பத்தாம் வகுப்புப் படித்தபோது நான் புதிதாக வேலைக்குச் சேர்ந்த ஆங்கில வாத்தியார். பள்ளிப் படிவத்தில் அப்பா பெயரை ஊர் உச்சரிப்பின்படி எழுதியிருந்தார்கள். பார்த்ததும் எனக்கு மானம் போனது போலிருந்தது. துரை எழுதியபடியே, ஊமை எழுத்துகளோடு, திருத்திக் கொடுத்தேன். நர்சிங் சான்றிதழும் அதைப் பார்த்தே எழுதப்பட்டது. ரேஷன் கார்டில் பழையபடியே இருந்தது. பாஸ்போர்ட் அதை வைத்து வந்தது.

தாலுகா ஆபீஸ் கிளார்க் எங்கள் தெருக்காரர்தான். “அப்பா பேருல எழுத்த மாத்தணும்னா அப்பாதான் சார் வந்து கையெழுத்துப் போடணும்,” என்றார்.

அப்பா இறந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. அடக்கத்துக்கு அவரும் வந்திருந்தார்.

“ரெண்டும் ஒரே ஆளுன்னு ஒங்களுக்குத் தெரியாதா?”

“எனக்குத் தெரியும் சார். அத எழுதிக் குடுக்க ஃபாரம் இல்லையே.”

கடைசி நம்பிக்கையாக எங்கள் வேதக்கோயிலுக்குப் போய், பாதிரியார் ஐயரவர்களிடம் ஞானஸ்நானப் பதிவேட்டை எடுக்கச் சொன்னோம். அப்பா பெயர் அழகாக, முழுசாக, தமிழில் இருந்தது. தமிழில் எழுதினால் ஒரே ஆள். ஆங்கிலத்தில்தான் இரண்டு பேர். ஐயர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவரால் என்ன செய்ய முடியும்? எனக்கு யாரைத் திட்டுவது என்றும் தெரியவில்லை.

மாதம் முடிந்தது. அந்த வேலையை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டதாக மரியாதையாக எழுதியிருந்தார்கள். அப்போது தீபாவளி சீசன்; வார்டில் படுக்கை போதவில்லை என்று தங்கைக்கு ஆள்மேல் ஆள் வந்துகொண்டிருந்தது. கிளம்பும்போது வாசலில் நின்று கேட்டாள்.

“ஒங்க சர்டிபிகேட்ல அப்பா பேரு எப்பிடிண்ணே இருக்கு?”

“பழையபடிதான்.”

“அத நீங்க திருத்தலையா?”

“அதுக்கு மதுரைக்கும் மெட்ராசுக்கும் அலையணுமேன்னு விட்டுட்டேன்.”

சரி என்று தலையாட்டிவிட்டு அவள் டூட்டிக்குப் போனாள்.