குல்லா போட்ட தொலைபேசி

வெள்ளிக்கிழமை காலை என் வீட்டுத் தொலைபேசி அடித்தது. நான் எழுந்து போவதற்குள் அதனுடன் இணைத்திருந்த, கணினிகளைத் தொலைபேசி வழியே பேசவைக்கும் மோடம் அழைப்பை எடுத்துவிட்டது. முந்தைய சனிக்கிழமை அதை அணைக்க மறந்திருந்தேன். கீச்சென்று அது கத்த, மறுமுனையில் வைத்துவிட்டார்கள். மீண்டும் மணி, மீண்டும் அதே கத்தல். அடுத்த முறை நான் முந்திக்கொண்டேன்.

"அண்ணே, அந்தச் சனியன மொதல்ல அணைங்க" என்றார் நாகலட்சுமி. பிறகுதான் சொன்னார். "அவுக போயிட்டாக."

நாகலட்சுமியின் கணவர், எங்கள் நாளிதழின் கொடைக்கானல் செய்தியாளராக இருந்து ஓய்வுபெற்ற தங்கவேலை உங்களில் பலர் அறிவீர்கள். மேல்மலைக் கிராமங்களில் பூண்டு விலை சரிந்தாலும், பெருமாள்மலையில் லாரி கவிழ்ந்தாலும் உங்களுக்குச் சொன்னது அவர்தான். பழனி அலுவலகத்தில் அவற்றை வாங்கி அச்சுக்கு அனுப்பியவன் நான். என் வயதுக்காரர்களைப் பற்றி இப்படி இரங்கல் எழுதி எழுதிச் சலிப்பு வந்துவிட்டது. இவருக்காவது வேறு யாராவது எழுதட்டும் என்று இருந்தேன். நாகலட்சுமி விடவில்லை. ஏன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

எனக்கு அவர் முதலில் சொன்ன சொல் நினைவிருக்கிறது. மலையில் கனமழை என்று தலைப்புக் கொடுத்திருந்தேன். மறுநாளே போன் செய்தார். "யோவ், மழை பெஞ்சதுன்னு எழுதாத. எங்க பெஞ்சதுன்னு எழுது. பள்ளங்கியில பெஞ்சா எங்க பூண்டு அழுகும், பெருமாள்மலையில பெஞ்சா உங்க பஸ்ஸு நிக்கும்." அவர் அனுப்பிய செய்தியில் ஊர்ப்பெயர், ஆள்பெயர் எதையும் நான் இரண்டாம் முறை சரிபார்த்ததில்லை.

செய்தி அனுப்ப அலுவலகம் அவருக்கு ஒரு கணினியும் மோடமும் கொடுத்தது. பள்ளங்கியில் சரிவில் கட்டிய வீடு அவருடையது. மேல் அறையில் கணினி, கீழே அடுக்களைப் பக்கம் இன்னொரு தொலைபேசி, இரண்டுக்கும் ஒரே லைன். செய்தி போய்க்கொண்டிருக்கும்போது கீழே யாராவது ரிசீவரை எடுத்தால் இணைப்பு அறுந்துவிடும். ஒருமுறை 'பெருமாள்மலை அருகே மண்சரிந்து' என்பது வரை எனக்கு வந்தது, அதற்குப் பிறகு வெறும் குப்பை எழுத்துகள். தோட்டத்திலிருந்து வந்த நாகலட்சுமி, தங்கைக்குப் பேசலாம் என்று போனை எடுத்திருக்கிறார். அன்றிலிருந்து செய்தி அனுப்பும்போதெல்லாம் தங்கவேல் தன் குரங்குக் குல்லாவைக் கழற்றிக் கீழ்த் தொலைபேசிக்கு மாட்டிவிடுவார். குல்லா இருந்தால் யாரும் தொடக்கூடாது. வந்தவர்கள் கேட்டால், "அதுக்குக் குளிருது" என்பார்.

இரண்டு வருடங்களாக அவர் நுரையீரல் மோசமாகிக்கொண்டே வந்தது. இந்தக் குளிர் ஆகாது, கீழே இறங்கிவிடுங்கள் என்றார் மருத்துவர். திண்டுக்கல்லில் இருக்கும் மகள் தன் வீட்டிலேயே ஓர் அறையை ஒழித்து வைத்துக்கொண்டு, எப்போது வருகிறீர்கள் என்று தினமும் கேட்டாள். அவர் முடியாது என்று சொல்லவில்லை. பரணிலிருந்து அந்தப் பழைய கணினியை இறக்கித் துடைத்தார். "இது பழையபடி ஒருதடவ போன் வழியா லைனுக்கு வரட்டும். இந்த ஒரு சோலிதான் பாக்கி. மறுநாளே எறங்கிருதேன்" என்று மகளுக்கு வாக்குக் கொடுத்தார்.

அந்தக் காலத்தில் நாங்கள் அழைத்த எண்களை இன்று அழைத்தால் எடுக்க எதுவும் இல்லை. அதனால் என் வீடே அந்த மறுமுனை ஆயிற்று. பழனி அடிவாரத்தில் கைபேசி பழுதுபார்க்கும் நண்பர் ஒருவர், என் தொலைபேசியில் ஒரு மோடத்தையும், அதன் பின்னால் இணையத்தோடு சேர்ந்த சிறு கணினி ஒன்றையும் பொருத்திக் கொடுத்தார். சனிக்கிழமை மதியம் தங்கவேலின் கணினி என் எண்ணை அழைக்கும். என் மோடம் எடுக்கும். இரண்டும் மாறி மாறிக் கத்தி, ஒத்துப்போகிற நேரத்தில் அறுந்துவிடும். பிறகு அவரே பேசுவார். மழை என்பார், கம்பியில் மரக்கிளை உரசுகிறது என்பார். லைன்மேன் வந்து கம்பியை மாற்றிவிட்டுப் போனார். அப்படியும் அறுந்தது. எனக்கு அலுத்துவிட்டது. யாருக்காக இந்தப் பாடு என்று என் மனைவியிடம் புலம்பியிருக்கிறேன்.

ஒரு சனிக்கிழமை, அறுந்த உடனே நான் ரிசீவரை எடுத்துக் காதில் வைத்தேன். லைன் திறந்தே இருந்தது. தங்கவேல் எங்கோ மேலே இருமிக்கொண்டிருந்தார். பக்கத்தில் வேறொரு மூச்சு கேட்டது.

"யாரு?" என்றேன்.

"நான்தாண்ணே" என்றார் நாகலட்சுமி, மெதுவாக. "குல்லாவத் தூக்கிட்டு நான்தான் எடுக்கேன். அவுகட்டச் சொல்லிறாதீக. கீழ எறங்குனா அந்த வெக்கையில ஒரு மூலையில ஒக்காந்து செவத்தப் பாத்துக்கிட்டு இருப்பாக. இங்கன இருமிக்கிட்டாவது என்னைய ஏசிக்கிட்டுக் கெடப்பாக."

நான் சொல்லவில்லை. அதற்குப் பிறகும் சனிக்கிழமைகள் வந்தன, அறுந்தன. எதனால் என்று தெரிந்தே நானும் மோடத்தைப் போட்டுவைத்தேன்.

கடைசிச் சனிக்கிழமை அறுபடவில்லை. கத்தல் அடங்கி அமைதியாயிற்று. அவருடைய கணினி என் வீட்டு வழியாக இணையத்துக்குள் போய், வெறும் எழுத்தாலான ஒரு வானிலைப் பக்கத்தை மெல்ல மெல்ல இறக்கிக்கொண்டது. கொடைக்கானலில் மழை என்றது அது. ஜன்னலைத் திறந்திருந்தால் அவருக்கே தெரிந்திருக்கும். சற்று நேரத்தில் இணைப்பு முடிந்தது. லைன் கெட்டு அறுந்தால் என் கணினித் திரை ஒரு மாதிரி சொல்லும். அந்தப் பக்கத்து ஆள் தானாக முடித்துக்கொண்டால் வேறு மாதிரி சொல்லும். அன்று இரண்டாவதைச் சொன்னது. உடனே போன் வந்தது.

"கிடைக்கலய்யா. லைன் சரியில்ல. அடுத்த சனி பாப்போம்."

"சரி" என்றேன்.

அடுத்த சனிக்கு முன்னால் வெள்ளி வந்துவிட்டது.

காரியத்தன்று பள்ளங்கிக்குப் போயிருந்தேன். பந்தலில் கூட்டம் கலைந்த பிறகு நாகலட்சுமி அவருடைய மோடத்தைச் செய்தித்தாளில் சுற்றி என்னிடம் கொண்டுவந்தார். கொடுக்காமல் கையிலேயே வைத்திருந்தார். மகள் தன்னிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை என்றார். வெள்ளனே இறங்கியிருந்தால் அப்பா பிழைத்திருப்பார், அம்மாதான் அவரைக் கிளப்பவில்லை என்று அவளுக்கு வருத்தம். அவள் சொல்வது நிசம்தானே என்று என்னைக் கேட்டார்.

"கடைசிச் சனிக்கெழம அவுக லைன் போட்டப்போ நான் எடுக்கலண்ணே. ராவெல்லாம் இருமலு, பாக்க முடியல. போனாப் போகட்டும், எறங்கிருவோம்னு அடுப்படியிலயே ஒக்காந்துட்டேன். அன்னைக்கும் ஏன் கிடைக்கல?"

"கிடைச்சதும்மா" என்றேன். "அவரேதான் கட் பண்ணினார்."

அவர் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். சிரிக்கிறாரா அழுகிறாரா என்று எனக்குத் தெரியவில்லை.

"களவாணி மனுசன்" என்றார். முகத்தைத் துடைத்துக்கொண்டு, "நான் எடுத்ததையும் எழுதுங்க, அவுக கட் பண்ணுனதையும் எழுதுங்க. எம் மக, நான் வாயால சொன்னா நம்பமாட்டா, பேப்பர்ல வந்தா நம்புவா. அவுக மகளாச்சே" என்றார்.

மோடத்தைத் தந்தார். குல்லாவைத் தரவில்லை. நான் கிளம்பும்போது அது கீழ்த் தொலைபேசியின் மேல்தான் இருந்தது.

இத்தனை வருடங்களில் தங்கவேல் எனக்குக் கொடுத்த செய்திகளில் தவறு என்று நான் அறிந்தது ஒன்றுதான்: "லைன் சரியில்ல." தவறான செய்திக்குத் திருத்தம் போடுவது எங்கள் தொழிலில் கட்டாயம். இதோ, போட்டுவிட்டேன். திருத்தம் அவர் மகளுக்கு. அந்தப் பொய்யை நான் வைத்துக்கொள்கிறேன்.