காருக்கு நெற்றி எங்கே?

ஸ்கேனரை மாட்டினால் அது காரின் நோயைச் சொல்லிவிடும் என்று விழுப்புரம் மாவட்டம் முழுவதும் நம்பப்படுகிறது. மிகுந்த பொறுப்புணர்ச்சியோடு இதை மறுக்கிறேன். புகார் கொடுத்தது எந்தப் பாகம் என்பதை மட்டுமே ஸ்கேனர் சொல்லும். புகார் கொடுத்தவரையே குற்றவாளியாக்கிக் கழற்றி எறிவது நம் ஊர் வழக்கம். எஞ்சின் விளக்கு எரிய எரிய மூன்று மெக்கானிக்குகளிடம் அலைந்த உங்களுக்கு இது புரியும்.

காரின் கம்ப்யூட்டரோடு பேசுவது என் தொழில். தானே பிரேக் போடுகிற, சாலைக் கோட்டைத் தாண்டினால் ஸ்டியரிங்கை இழுக்கிற புதுக் கார்களின் கேமராவுக்குப் பார்வையைச் சரிசெய்வதும் அதில் சேர்த்தி. விழுப்புரத்தில் ஓரளவு ஓடியதும் திண்டிவனத்தில் கிளை திறந்தோம். அதை நடத்துபவர் பக்கத்துப் பெருமுக்கலைச் சேர்ந்த மேகலா, இரண்டு வயது மகளுக்கு அம்மா. கிளை ஆறு மாதத்தில் சொந்தக் காலில் நிற்காவிட்டால் அவர் ஒரகடத்துக் கம்பெனி வேலைக்குப் போயாக வேண்டும். விடியுமுன் பஸ் ஏறினால், திரும்பும்போது குழந்தை தூங்கியிருக்கும்.

பொட்டு

மேகலா விழுப்புரத்தில் வேலை பழகிய நாட்களில் கண்டமங்கலத்திலிருந்து ஏழுமலை என்ற விவசாயி மனைவியோடு வந்தார். அவருடைய புதுக் கார், முன்னால் ஒன்றும் தெரியவில்லை என்று திரையில் எழுதிக் காட்டிக்கொண்டே இருந்தது. கார் பொய் சொல்லவில்லை. முன்கண்ணாடியின் உச்சியில், நட்ட நடுவில், கேமராவுக்கு நேர் எதிரே, ஒரு ரூபாய் அகலத்துக்குச் சந்தனம். அதன்மேல் குங்குமம்.

துடைக்கலாமா என்று கேட்டேன். ஏழுமலை மனைவியைப் பார்த்தார். கேமராவின் பார்வைக் கோணம் பற்றிக் கால் மணி நேரம் விளக்கினேன். அந்த அம்மா முழுவதையும் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "நெத்தியில பொட்டு வைப்பாங்கன்னு தெரியாமலா அங்க கேமராவ வச்சாங்க?"

ஈசானி மூலை

கேமராவைச் சரிசெய்ய, காருக்கு முன்னால் கட்டம் போட்ட பலகையை அளந்து நிறுத்த வேண்டும். தரை சமமாக இருக்க வேண்டும். திண்டிவனத்தில் பிடித்த ஷெட்டில் மட்டக்குழாய் வைத்துப் பார்த்தால், வடகிழக்கில் இரண்டு அங்குலம் பள்ளம். உரிமையாளர் கோதண்டம் அதை மறுக்கவில்லை, பெருமைப்பட்டார். ஈசானி மூலை தாழ்ந்திருந்தால்தான் செல்வம் சேரும் என்று, கொத்தனார் பக்கத்திலேயே நின்று வேலை வாங்கியிருந்தார். வாஸ்து பற்றி நான் படித்ததையெல்லாம் எடுத்துச் சொன்னேன். பயனில்லை.

"கார் நிக்கிற எடத்த மட்டும் சமம் பண்ணிக்கிறோம் சார். மூலைய தொடவே மாட்டோம்" என்றார் மேகலா. கோதண்டம் இறங்கிவந்தார். குழாயின் மறுமுனையையும் அவரே பிடித்துக்கொண்டார்.

தரை சமமாயிற்று, கார்தான் வரவில்லை. சாயங்காலம்தோறும் கோதண்டம் வந்து காலித் தரையைப் பார்த்தார். மூன்றாம் மாதம் மேகலாவிடம் மெல்லச் சொன்னார்: "மூலைய விட்டுவச்சதுக்கே இப்படி. அதையும் சமம் பண்ணியிருந்தா என்னா ஆயிருக்கும், யோசிச்சுப் பாரு."

அந்தோணி

கார் வராததற்குக் காரணம் மூலையல்ல, அந்தோணி. முப்பது வருட மெக்கானிக். அவர் கைகாட்டும் இடத்துக்குத்தான் திண்டிவனத்துக் கார்கள் போகும். மேகலா நான்கு முறை போய்ப் பார்த்தார். நான்கு முறையும் டீ வாங்கிக் கொடுத்து, "வண்டி சத்தத்துலயே எனக்குத் தெரிஞ்சிடும்மா" என்று அனுப்பிவைத்தார். ஐந்தாம் மாதம் மேகலா ஒரகடத்துக்குச் சம்மதம் சொல்லிவிட்டார். ஒன்றாம் தேதி வந்து சேரச் சொன்னார்கள்.

அதற்குப் பத்து நாள் முன்பு, கடைத்தெரு சாப்பிடப் போயிருக்கும் நேரமாகப் பார்த்து, அந்தோணியே ஒரு காரை ஓட்டிக்கொண்டு வந்தார். கூடவே அதன் சொந்தக்காரர், வல்லத்துப் பள்ளி ஆசிரியர். கல் பட்டு உடைந்த முன்கண்ணாடியை அந்தோணி மாற்றிக் கொடுத்திருக்கிறார். அன்று முதல் ஸ்டியரிங் தானாக இழுக்கிறது. "இவர நம்பிக் குடுத்தேன் பாருங்க, பேஜாரா போச்சு" என்றார் ஆசிரியர். அந்தோணி கைகளைக் கட்டிக்கொண்டு தரையையே பார்த்தார்.

கண்ணாடி மாற்றினால் கேமராவையும் திருத்த வேண்டும் என்பது தெரியாதா என்று கேட்க, அன்று திண்டிவனம் வந்திருந்த நான் வாயைத் திறந்தேன். மேகலா என்னை ஒரு பார்வை பார்த்தார். மூடிக்கொண்டேன்.

"கண்ணாடிய அண்ணன் சுத்தமா மாட்டிக்கிறாரு சார், ஒரு கொறையும் இல்ல. புதுக் கண்ணாடிக்கு கேமராவ பழக்கணும். அது எங்க வேலை. அதுக்குத்தான் கொண்டாந்துக்கிறாரு" என்றார் மேகலா ஆசிரியரிடம்.

முக்கால் மணியில் வேலை முடிந்தது. ஆசிரியர் நாலுவழிச் சாலை வரை ஓட்டிப் பார்த்துவிட்டு வந்து, அந்தோணியின் தோளில் கை போட்டார். மேகலா வழக்கம்போல் குங்குமச் சிமிழை எடுத்தார். கண்டமங்கலத்து அம்மா வந்துபோன நாளிலிருந்து, கேமராவை மறைக்காத மூலையில் பொட்டை நாங்களே வைத்துவிடுகிறோம். அந்தோணி குனிந்து உற்றுப் பார்த்தார்: "அந்த எடத்த எனக்கும் காட்டிக்குடும்மா. எங்க ஆளுங்க மாதா ஸ்டிக்கர நெத்தியிலதான் ஒட்டிக்கினு இருக்காங்க."

அந்த வாரமே அவர் சீட்டு எழுதிக் கொடுத்து நான்கு கார்கள் வந்தன. இந்தத் தொழிலில் கேமராவின் பார்வையைத் திருத்த முக்கால் மணி நேரம் ஆகிறது, மெக்கானிக்கின் பார்வையைத் திருத்த ஐந்து மாதம் ஆகிறது, இரண்டுக்கும் தரை சமமாக இருக்க வேண்டியிருக்கிறது.

ஒன்றாம் தேதி விடியற்காலை கம்பெனி பஸ் பெருமுக்கல் நிறுத்தத்தில் நின்று, இரண்டு முறை ஹாரன் அடித்துவிட்டுப் போயிற்று.