அத்திம்பேருக்கு நான் சொன்ன அடையாளம்

கல்யாணமாகி வெகுகாலம் கழித்து அக்காவுக்கு ஒரு பெண் பிறந்தது. குழந்தை பிறந்தால் திருப்பதிக்கு வந்து முடி கொடுப்பதாக அத்திம்பேர் வேண்டிக்கொண்டிருந்தார். அவர் திருச்சியில் ரயில்வே ஆபீஸ் குமாஸ்தா, பாஸ் உண்டு. சீரங்கத்தில் ஏறி உட்கார்ந்தால் போய்ச் சேர்ந்துவிடலாம். ஆனால் உட்கார்ந்துகொண்டே போனால் அது என்ன பிரார்த்தனை என்றார். நடந்து போக லீவு போதாது. கடைசியில் பெருமாளுக்கும் ஆபீசுக்கும் நடுவே ஒரு சமாதானமாகச் சைக்கிளில் போவது என்று முடிவாயிற்று.

துணைக்கு என்னைப் பிடித்தார்கள். மூன்றாம் பாரத்தோடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டுவிட்டு, கடைவீதியில் ஒரு பாத்திரக் கடையில் நான் இருந்தேன். கடையைப் பூட்டினால் பூட்டை இழுத்துப் பார்ப்பேன். தெருமுனை வரை போய்த் திரும்பி வந்து இன்னொரு தரம் இழுத்துப் பார்ப்பேன். அந்தச் சுபாவம்தான் அக்காவுக்கு வேண்டியிருந்தது.

"கவலைப்படறதுக்குன்னு ஒருத்தன் கூட இருக்கணும். இவருக்கு அது வராது" என்றாள்.

புறப்பட்ட காலையில், குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு என் சைக்கிள் பக்கத்தில் வந்து நின்றாள். அத்திம்பேர் காதில் விழாதபடி சொன்னாள்: "அவரை எங்கேயாவது விட்டுட்டு நீ மட்டும் வந்து நிக்காதேடா."

அவள் கட்டிக் கொடுத்த சத்துமாவு மூட்டையைவிட அந்த வார்த்தைதான் எனக்குக் கனமாக இருந்தது.

அத்திம்பேர் கிராப்பு வைத்துக்கொண்டவர். நெற்றியில் சுருண்டு விழும் முடி. ஆபீஸில் அவரைக் கேட்டு யாராவது வந்தால், அந்தச் சுருட்டை முடிக்காரரா என்றுதான் கேட்பார்களாம். தலை அப்படி, வயிறு மட்டும் பழைய ஆசாரம். வெளியில் கிளப்பு, ஓட்டல் சாப்பாடு கிடையாது. பிறத்தியார் கையால் தண்ணீர்கூட வாங்க மாட்டார். கட்டிக்கொண்டு போன சத்துமாவு, அவல், வாழைப்பழம், தானே இறைத்த கிணற்றுத் தண்ணீர், இவ்வளவுதான்.

வழியில் கண்டவர்களோ எதையாவது கொடுத்தபடியே இருந்தார்கள். உளுந்தூர்ப்பேட்டைக்குப் பக்கத்தில் ஒரு குடியானவர் வரப்பிலிருந்து ஏறி வந்து இரண்டு செம்பு மோர் நீட்டினார். அத்திம்பேர் கை கூப்பினார். கொடுத்தவர் முகம் வாடுமே என்று அவர் செம்பையும் நானே குடித்தேன். விழுப்புரத்தில் விளக்கில்லாமல் வந்ததற்காக ஒரு போலீஸ்காரர் நிறுத்தினார். விஷயத்தைக் கேட்டுவிட்டு, "எனக்கு நாலும் பையன்தான். ஒரு பொண்ணு வேணும்னு நான் கேட்டேன்னு சொல்லுங்க" என்று அனுப்பிவிட்டார்.

மலையேறி, முடி கொடுத்து, தரிசனம் ஆயிற்று. திரும்பும்போது வெயிலுக்காக அத்திம்பேர் ஈரத் துண்டைத் தலைப்பாகையாகக் கட்டிக்கொண்டுதான் சைக்கிள் மிதித்தார். நான் எப்போதும் பின்னால். அந்தத் துண்டைத்தான் பார்த்துக்கொண்டு வந்தேன்.

பெரம்பலூருக்கு வெளியே அவர் சைக்கிள் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. "கண்ணை இருட்டறதுடா" என்று புளியமரத்தடியில் படுத்துவிட்டார். வெள்ளரிப் பிஞ்சு விற்றுக்கொண்டு போன ஒரு அம்மாள் கூடையை இறக்கினாள். "பச்சைக் காய்க்கு என்னங்க ஆசாரம்?" என்று அவளே ஒன்றை ஒடித்துக் கொடுத்தாள். தின்றார். எழுந்தும்விட்டார். ஆனால் அதற்கப்புறம் அவர் சைக்கிள் கொஞ்சம் ஆடினாலே நான் பிரேக்கைப் பிடித்தேன்.

வீட்டுக்குப் போவதற்கு முன் திருவெள்ளறைப் பெருமாளையும் சேவித்துவிட வேண்டும் என்றார். அதனால் நேர் ரோட்டை விட்டுத் துறையூர் வழியாக வந்தோம். திருவெள்ளறைக்குக் கொஞ்ச தூரம் இருக்கையில் என் பின் சக்கரம் பஞ்சர். கூப்பிட்டேன். எதிர்காற்று, அவர் காதில் விழவில்லை. துண்டு சின்னதாகிக்கொண்டே போய் ஒரு வளைவில் மறைந்தது.

பஞ்சர் ஒட்டுவது எனக்குத் தெரியும். அன்றைக்கு அவசரத்தில் ஒட்டினேன். ஒட்டினது பிய்ந்து, மறுபடி ஒட்டி, காற்றடித்து ஏறி உட்கார்ந்தபோது ரோட்டில் ஒரு ஈ காக்கை இல்லை. இரண்டு பக்கமும் வாய்க்கால். கண்ணை இருட்டிக்கொண்டு அவர் அதில் சாய்ந்திருந்தால்?

புல்லுக்கட்டோடு வந்த ஒரு பெண்ணை நிறுத்தினேன்.

"இந்தப் பக்கம் சைக்கிள்ல ஒருத்தர் போனாரா? கிராப்புத் தலை, முன்னால சுருட்டை முடி விழும்."

"அப்படி முடிக்காரர் யாரும் வரலீங்களே."

அடுத்து நெல் வண்டிக்காரர். வண்டியை நிறுத்தாமலே தலையைச் சொறிந்தார். "சைக்கிள் ஒண்ணு போச்சு சாமி. ஆனா அது வேற ஆளு."

"நன்னா யோசிச்சுச் சொல்லுங்கோ. சுருட்டை முடி."

"அதான் சொல்றேனே, அந்த ஆளு இல்லை. நீங்க ஏன் பேயடிச்ச மாதிரி இருக்கீங்க? தண்ணி குடிக்கிறீங்களா?"

குடிக்கத் தோன்றவில்லை. வாய்க்காலில் எருமை ஒன்று முங்கி எழுந்தது. அதற்கே நான் சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடினேன். அக்காவின் முகம் வந்து வந்து போயிற்று. என்ன சொல்வேன், எந்த வார்த்தையில் ஆரம்பிப்பேன் என்றுகூட மனசு ஒத்திகை பார்க்கத் தொடங்கிவிட்டது.

திருவெள்ளறையில் ஒரு பெரிய கேணி. நாலு திசையிலும் படி இறங்கி, ஒவ்வொன்றும் ஒரு பக்கமாக மடங்கும். ஒரு படியில் குளிப்பவர்களுக்கு அடுத்த படியில் இருப்பவர்கள் தெரியாது. சேவிக்குமுன் கால் கழுவ அவர் இங்கேதான் இறங்கியிருப்பார். ஒரு படியில் இறங்கினேன், இல்லை. ஏறி அடுத்ததில் இறங்கினேன், அங்கேயும் இல்லை. அடுத்த படியில் துணி துவைத்துக்கொண்டிருந்த ஒரு நடுவயது அம்மாள், மூச்சு வாங்க வந்து நின்ற என்னைப் பார்த்துத் துணியை அப்படியே கல்லில் விட்டாள்.

"மேல தடதடன்னு ஓடுறது நீங்கதானா? எதைத் தொலைச்சீங்க?"

"எங்க அத்திம்பேரை."

"அப்படின்னா?"

"அக்கா ஆத்துக்காரர். சைக்கிள்ல வந்தார். சுருட்டை முடி, கண்ணாடி போட்டிருப்பார்."

"கண்ணாடி போட்ட சாமி ஒருத்தர் வந்தாரு. சைக்கிளை மேல சாத்திட்டு, தலைத்துண்டை அவுத்து அலசிக் கட்டிக்கிட்டுப் போனாரு. ஆனா தலையில ஒரு முடி கிடையாது. திருப்பதி மொட்டை. உங்காளு முடிக்காரருன்னு சொல்றீங்களே."

நான் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

"என்னங்க, உங்காளு அவர்தானா?"

தலையை ஆட்டினேன்.

"மொட்டை அடிச்ச மனுசனைச் சுருட்டை முடின்னு தேடினா எந்த ஊர்ல கிடைப்பாரு?" என்று அவள் சிரித்த சிரிப்பு கேணியின் மற்றப் படிகளிலும் கேட்டிருக்கும். "போங்க. கோயிலுக்குப் போயிட்டு மண்ணச்சநல்லூர்ப் பக்கம்தான் போனாரு, துணி உலர்த்த மேல ஏறினப்பப் பாத்தேன். உங்களைக் காணோம்னு அவரும் திரும்பித் திரும்பிப் பாத்துக்கிட்டுத்தான் போனாரு. நீங்க முன்னாடி போயிட்டீங்கன்னு நெனச்சாரோ என்னமோ."

அப்படித்தான் நினைத்திருக்கிறார். அவர் கோயிலுக்குள் இருந்தபோது நான் தாண்டிப் போயிருப்பேன் என்று என்னைப் பிடிக்க வேகமாக மிதித்திருக்கிறார். மண்ணச்சநல்லூர் வரை நானும் மிதித்தேன். ஆனால் இந்தத் தடவை வழியில் கேட்டவர்களிடம் மொட்டைத் தலை, அதில் ஈரத் துண்டு என்றேன். ஆளுக்கு ஆள் கையைக் காட்டினார்கள். "அதோ போனாரு", "இப்பத்தான் போனாரு". கேட்கக் கேட்க நான் இன்னும் வேகமாக மிதித்தேன்.

ஒரு அரிசி மில் வாசலில் அவர் சைக்கிள் நின்றது. உள்ளே மூட்டை மேல் அத்திம்பேர் உட்கார்ந்திருந்தார். காலடியில் வெட்டின இளநீர் மட்டைகள். பக்கத்தில் தொப்பி போட்ட அரிசி வியாபாரி ஒருவர் விசிறியால் அவருக்கு வீசிக்கொண்டிருந்தார்.

"எங்கேடா போனே?" என்றார் அத்திம்பேர். "உங்க அக்காகிட்ட என்ன சொல்றதுன்னு தெரியாம உக்காந்திருக்கேன்."

அவருக்கும் புறப்படும் முன் அக்கா ஏதோ சொல்லியிருக்கிறாள் என்று அப்போதுதான் தெரிந்தது.

வியாபாரி என்னை ஏற இறங்கப் பார்த்தார். "வாங்க தம்பி. சாமி சொன்ன அடையாளம் அச்சா அப்படியே இருக்கு."

"என்ன சொன்னார்?"

"எதையோ பறிகொடுத்த மாதிரி முகம், பார்த்தாலே தெரியும்னாரு."

அத்திம்பேர் மட்டும் சிரிக்கவில்லை. மயங்கி வந்து இறங்கினவருக்குத் தண்ணீர் கொடுத்தால் வாங்கவில்லையாம். "இளநீருக்குள்ள நான் கை விடலையே சாமி, ஆண்டவன் ஊத்தி மூடி வெச்சது" என்று பாய் சொன்னதும் வாங்கினாராம். இளநீர்க் கண்ணை மட்டும் அவரே திறந்துகொண்டாராம். எனக்கும் ஒன்று வெட்டினார்கள். அதுபோல ஒரு இளநீரை நான் பிறகு குடித்ததில்லை.

அங்கிருந்து கொள்ளிடம் பாலம் வரை இருவரும் பக்கத்தில் பக்கத்தில் சைக்கிள் விட்டோம். எதிரே வண்டி வந்தாலும் நான் பின்வாங்கவில்லை, வண்டிக்காரர்கள் திட்டினார்கள். பாலத்தில் நல்ல காற்று. அத்திம்பேர் தலைத்துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

விளக்கு வைக்கும் நேரத்துக்கு வீட்டு வாசலில் இறங்கினோம். மணிச் சத்தம் கேட்டு அக்கா குழந்தையோடு ஓடி வந்தாள். என்னைப் பார்த்தாள். பக்கத்தில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்ற மொட்டைத் தலைக்காரரைப் பார்த்தாள். அவரைத் தாண்டித் தெருக்கோடி வரை பார்த்தாள். அவள் முகம் வெளுத்தது.

"அவர் எங்கேடா?"

எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. அத்திம்பேர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, "இங்கேதான்" என்றார்.